கந்தர் அலங்காரத்தின் அளவில் அன்றே பாடிய எங்க ஊர் அம்மை

ஓம் சரவணபவ! 

கந்தர் அலங்காரப் பாராயணம் பத்தி எழுதினதுல இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. எங்க ஊர்ப் பேச்சு வேற மாதிரி இருக்கும், பாடும்போது அது வாயில வந்துடுது, அப்படிப் பாடினா பாட்டு தப்பாகிடுமா, முருகன் ஏத்துக்குவாரா? மதுரைத் தம்பி ஒருத்தர் கேட்டார், நெல்லைத் தங்கை ஒருத்தர் கேட்டார், சென்னையில இருந்தும் கேட்டாங்க.

நான் காரைக்கால்காரன். இந்தக் கேள்விக்கு எங்க ஊர்ல பிறந்த ஒரு அம்மாவோட வரலாற்றைச் சொல்லித்தான் பதில் சொல்ல முடியும்னு தோணுது. அவங்க காரைக்கால் அம்மையார். சிவனடியார் கதை முருகன் பக்கத்துல எதுக்குன்னு நினைக்காதீங்க. அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தைப் பாடினது கட்டளைக் கலித்துறை என்கிற யாப்பில். ஒவ்வொரு அடியிலும் எத்தனை எழுத்துன்னு எண்ணி வச்சிருக்கிற யாப்பு அது. அருணகிரியார் 15-ஆம் நூற்றாண்டு. அதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடி, இதே யாப்பை எடுத்துப் பாடினவங்க எங்க அம்மை. நமக்குக் கிடைச்சிருக்கிற பழைய கட்டளைக் கலித்துறைகளில் அவங்க பாட்டும் சேர்த்தி. அதனால கந்தர் அலங்காரம் சொல்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மை ஒரு வகையில் பாட்டி முறை.

கப்பல் வந்து போன ஊர்

அம்மையோட வரலாற்றை விரிவாச் சொன்னவர் சேக்கிழார் பெருமான், 12-ஆம் நூற்றாண்டில், பெரியபுராணத்தில். அம்மை வாழ்ந்த காலம் அதுக்கு ரொம்ப முந்தி. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூணு பேருக்கும் முன்னாடி.

அப்போ காரைக்கால் ஒரு வணிகத் துறைமுகம். வணிகர் தலைவர் தனதத்தனுக்கு மகளா அம்மை பிறந்தாங்க. பெயர் புனிதவதி. செல்ல மகள். மணல் வீடு கட்டி விளையாடுற வயசுலயே அந்தக் குழந்தை வாயில சிவன் பெயர்தான் வந்ததுன்னு சேக்கிழார் சொல்றார். அம்மையும் தன்னோட அற்புதத் திருவந்தாதியை இதே சேதியோடதான் ஆரம்பிக்கிறாங்க. பிறந்து பேசக் கத்துக்கிட்ட நாள் முதலா அன்பு வச்சதா இறைவன்கிட்டயே சொல்றாங்க.

இதை மனசுல வச்சுக்கோங்க. பேசக் கத்துக்கிற குழந்தையோட பேச்சு எப்படி இருக்கும்? பாதி எழுத்து விழுங்கும், மீதி எழுத்து குழையும். அம்மையோட பக்தி ஆரம்பிச்சது அந்த மழலையில. அதுக்கு யாரும் எழுத்து எண்ணலை. எண்ணி வச்ச பாட்டு பின்னாடிதான் வந்தது.

மாங்கனி

புனிதவதிக்குக் கல்யாண வயசு வந்தது. நாகப்பட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன் பரமதத்தனைப் பேசி முடிச்சாங்க. மகளைப் பிரிய மனசில்லாத தனதத்தன், மாப்பிள்ளையைக் காரைக்காலிலேயே வீடு, செல்வம் எல்லாம் கொடுத்துக் குடி வச்சார்.

ஒரு நாள் பரமதத்தனைப் பார்க்க வந்தவங்க ரெண்டு மாம்பழம் கொடுத்தாங்க. அவர் அதை வீட்டுக்கு அனுப்பி வச்சார். அந்த நேரம் பசியோட ஒரு சிவனடியார் வந்தார். சோறு வெந்திருச்சு, கறி இன்னும் ஆகலை. அம்மை யோசிக்கவே இல்லை. சோற்றோட ஒரு மாம்பழத்தை இலையில வச்சாங்க. அடியார் சாப்பிட்டு வாழ்த்திட்டுப் போனார்.

மத்தியானம் கணவர் வந்தார். மீதி இருந்த பழத்தைச் சாப்பிட்டார். ருசி பிடிச்சுப்போய் இன்னொண்ணையும் கேட்டார். அம்மை உள்ளே போய் நின்னு இறைவனை நினைச்சாங்க. கையில ஒரு மாம்பழம் வந்தது. அதைச் சாப்பிட்டவருக்குச் சந்தேகம் வந்துடுச்சு, ருசி இந்த உலகத்து ருசியாவே இல்லை. எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டார். மறைக்கத் தெரியாத அம்மை நடந்ததைச் சொன்னாங்க. நம்பாதவர், அப்படின்னா இன்னொண்ணு வரவழைன்னார். அம்மை வேண்ட இன்னொரு பழம் வந்தது. அவர் கையில வச்சதும் மறைஞ்சும் போச்சு.

எங்க ஊர்ல இன்னைக்கும் ஆனி மாசப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்குது. பிச்சாண்டவர் வீதி உலா வரும்போது வீட்டு மாடியில இருந்தும் திண்ணையில இருந்தும் மாம்பழம் வீசுவாங்க. கீழே நிக்கிறவங்க அதைப் பிரசாதமாப் பிடிப்பாங்க.

கப்பல் ஏறிய கணவர்

பரமதத்தனுக்குப் பயம் வந்துடுச்சு. இவள் மனைவி இல்லை, தெய்வம்னு முடிவு பண்ணிட்டார். வெளியில சொல்லலை. வாணிபத்துக்குன்னு கப்பல் கட்டி ஏறினார். திரும்பி வந்து கரை இறங்கினது காரைக்கால்ல இல்லை, பாண்டிய நாட்டுல ஒரு ஊர்ல. அங்கே இன்னொரு கல்யாணம். பெண் குழந்தை பிறந்ததும் அதுக்கு வச்ச பெயர் புனிதவதி.

சேதி தெரிஞ்ச உறவுக்காரங்க அம்மையைப் பல்லக்கில வச்சு அங்கே கூட்டிக்கிட்டுப் போனாங்க. பரமதத்தன் ரெண்டாவது மனைவி, குழந்தையோட வந்து அம்மை காலில விழுந்தார். கூடியிருந்தவங்க திகைச்சுப் போனாங்க. இவங்க மனுஷி இல்லை, நீங்களும் வணங்குங்கன்னு அவர் சொன்னதைக் கேட்டு அம்மை ஒதுங்கி நின்னாங்க.

யாருக்காக இந்த அழகைத் தாங்கிக்கிட்டு இருந்தாங்களோ அவரே வேண்டாம்னுட்டார். அந்த இடத்துலயே இறைவனை வேண்டினாங்க. உடம்புத் தசையை உதறிட்டு, சிவகணங்களைப் போலப் பேய் உருவம் கேட்டாங்க. கிடைச்சது. சுற்றி நின்ன ஜனம் பயந்து விலகிப் போச்சு. அம்மை அழலை, பாட ஆரம்பிச்சாங்க.

முதல்ல அற்புதத் திருவந்தாதி, 101 வெண்பா. அடுத்தது திருவிரட்டை மணிமாலை, 20 பாட்டு. கட்டளைக் கலித்துறை ஒண்ணு, வெண்பா ஒண்ணுன்னு ரெண்டு மணியை மாத்தி மாத்திக் கோத்த மாலை. அதனாலதான் இரட்டை மணிமாலைன்னு பெயர்.

16, 17: எண்ணிப் பாருங்க

இப்போ நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன்.

கட்டளைக் கலித்துறையில நாலு அடி, ஒவ்வொரு அடியிலும் அஞ்சு சீர். புள்ளி வச்ச மெய்யெழுத்தை எண்ணக்கூடாது. மத்த எழுத்தை எண்ணணும். அடி நேரசையில ஆரம்பிச்சா 16 எழுத்து. நிரையசையில ஆரம்பிச்சா 17. பாட்டு ஏகாரத்துல முடியும். அவ்வளவுதான் கணக்கு.

நேர், நிரை என்னன்னு பயப்படாதீங்க. ஒரு குறிலோ நெடிலோ தனியா நின்னா நேர், பின்னாடி ஒற்று வந்தாலும் நேர்தான். ரெண்டு குறில் சேர்ந்தாலும், ஒரு குறிலோட நெடில் சேர்ந்தாலும் நிரை. வேலன்னு ஆரம்பிச்சா வே என்பது நேர், அந்த அடிக்கு 16. முருகன்னு ஆரம்பிச்சா முரு என்பது நிரை, அந்த அடிக்கு 17.

எங்க கடற்கரையில இந்த யாப்புக்கு ஒரு நீண்ட உறவு இருக்கு. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடி தாண்டினா திருக்கடையூர். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே அபிராமி பட்டர் பாடின அபிராமி அந்தாதியும் கட்டளைக் கலித்துறைதான். யாப்பிலக்கணமே சொல்ற யாப்பருங்கலக்காரிகையும் இதே யாப்பில் எழுதப்பட்ட நூல். அதாவது இலக்கணம் படிக்கிறவங்களுக்கு மனப்பாடம் ஆகுறதுக்கும், வீட்டுல அம்மாக்கள் விளக்கேத்திச் சொல்றதுக்கும் ஒரே அளவு ஒத்துவந்திருக்கு.

நம்ம வாய் என்ன பண்ணுது?

ஊர்ப்பேச்சு எல்லாமே பாட்டைக் கெடுக்காது. மூணு விதமாப் பிரிச்சுப் பார்த்தாப் புரிஞ்சிடும்.

முதல் விதம், எழுத்துக் கூடுறது. மெய்யில முடியற சொல்லை நாம பேச்சுல அப்படியே நிறுத்த மாட்டோம். பின்னாடி ஒரு உகரம் ஒட்டிக்கும். வேல் என்பது வேலு, மயில் என்பது மயிலு, கால் என்பது காலு. யகரத்துல முடிஞ்சா இகரம் ஒட்டும். தாய் என்பது தாயி, பேய் என்பது பேயி. கேட்க இனிமைதான். ஆனா வேல் ஒரு எழுத்து, வேலு ரெண்டு எழுத்து.

அம்மை தன்னைக் காரைக்காற்பேய்னு சொல்லிக்கிட்டாங்க. அந்தாதியை முடிக்கும்போதும், பின்னாடி பதிகத்தை முடிக்கும்போதும் அந்தப் பெயரைத்தான் கையெழுத்து மாதிரி வச்சாங்க. புள்ளி எழுத்தை விட்டு எண்ணுங்க. கா, ரை, கா, பே. நாலு. அதையே நம்ம தெருப்பேச்சுல காரக்காலு பேயின்னு சொன்னா கா, ர, கா, லு, பே, யி. ஆறு! ஒரே பெயர், ரெண்டு எழுத்து கூடிப்போச்சு. அடியில 16 இருக்க வேண்டிய இடத்துல 18 வந்து நிக்கும்.

வெண்பாவுக்கும் இதே கதிதான். வெண்பாவுல ஒரு சீர் எப்படி முடியுதோ அதுக்கு ஏத்த மாதிரிதான் அடுத்த சீர் ஆரம்பிக்கணும். செவ்வேல் முருகன்னு ரெண்டு சீரை எடுத்துக்கோங்க. செவ்வேல் தேமா. தேமாவுக்கு அடுத்து நிரை வரணும், முருகன் நிரையில ஆரம்பிக்குது, சரி. செவ்வேலுன்னு சொன்னா அது தேமாங்காய் ஆகிடும். அதுக்கு அடுத்து நேர் வரணும். முருகன் அங்கே உட்கார மாட்டார்!

இரண்டாவது விதம், எழுத்துக் குறையுறது. வருகிறான்னு எழுதினா நாலு, வர்றான்னு பேசினா ரெண்டு. பாடும்போது இந்த அளவுக்கு யாரும் சுருக்க மாட்டோம். ஆனா வேகமாச் சொல்றப்போ முருகா என்பது முர்கா ஆகும், திருவடி என்பது திர்வடி ஆகும். ஒரு எழுத்து காணாமப் போயிடும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அடியோட முதல் சொல்லா இருக்கிற முருகன் முர்கன் ஆனா, 17 இருந்தது 16 ஆகும். நிரையும் நேரா மாறிடும். நேருக்கு 16 தானே விதி? கணக்கு சரியாவே இருக்கும். ஏன்னா 16-க்கும் 17-க்கும் உள்ள வித்தியாசமே அந்த முதல் அசையிலதான் இருக்கு. மத்தபடி ரெண்டு அடியும் ஒரே நடை. ஆனா அடி நடுவுல அதே சொல்லை விழுங்கினா, முன்னாடி இருக்கிற சீரோட இருந்த இணைப்பு அறுந்துடும். முதல் இடத்துல பொறுத்துக்கிற பாட்டு, நடுவுல பொறுத்துக்காது.

மூணாவது விதம், எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பழனி என்பது பளனி ஆகுறது இந்த வகை. கடற்கரைப் பக்கம் நிறைய பேருக்கு ழகரம் ளகரமாத்தான் வரும். சொல்லோட பொருள் மாறும், வாழை மரம் வாளை மீன் ஆகிடும், திருத்திக்க வேண்டியதுதான். ஆனா யாப்பு ஒரு துளியும் அசையாது. அதே மாதிரி ஐகாரம். மலை என்பதை மல மாதிரி சொல்றோம், எண்ணிக்கை ரெண்டுதான். சொல்லோட நடுவிலும் கடைசியிலும் ஐகாரம் சுருங்கி ஒலிக்கும்னு இலக்கணமே ஒத்துக்கிட்டு, ஐகாரக்குறுக்கம்னு பெயரும் வச்சிருக்கு. குற்றியலிகரம் வந்து தளையைக் கெடுத்தா அதை எண்ணாம விட்டுடலாம்னும் இடம் கொடுத்திருக்கு. வாய் எங்கெங்கே தளரும்னு பார்த்துப் பார்த்து எழுதின விதிகள் அதெல்லாம்.

திருப்புகழ் இன்னும் கறார். அங்கே ஒற்றெழுத்துக்கும் எடை உண்டு. கந்தா என்பது தந்தா, முருகா என்பது தனனா. முருகா வர்ற இடத்துல முர்கான்னு சொன்னா சந்தம் தந்தா பக்கம் சாஞ்சு தாளம் தட்டும். காரைக்கால் பக்கத்துல திருநள்ளாறும் அருணகிரியார் திருப்புகழ் பாடின தலம்தான், அடுத்த தடவை சனீஸ்வரரைப் பார்க்க வர்றவங்க அதையும் நினைச்சுக்கோங்க.

போன்ல வர்ற பாட்டு

இப்போ வாய்க்கு மேல ஒரு பெரிய வில்லன், நாம ஃபார்வர்டு பண்ற பாட்டு. படிக்க லேசா இருக்கட்டும்னு சொல்லைப் பிரிச்சுப் போடுறாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா நின்றாடும் என்பது நி, றா, டு, மூணு எழுத்து. அதை நின்று ஆடும்னு பிரிச்சுப் படிச்சா நி, று, ஆ, டு, நாலு. நெஞ்சுருகும் என்பது நாலு, நெஞ்சு உருகும்னா அஞ்சு. ஒரு அடியில இப்படி ரெண்டு இடம் பிரிஞ்சா 16 எழுத்து 18 ஆகும். வாசிக்கிறவர் உச்சரிப்பு எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அடி நொண்டும்.

தமிழ்ல குற்றியலுகரத்துக்குப் பின்னாடி உயிரெழுத்து வந்தா அந்த உகரம் ஓடிப்போகும். இந்த விதியை நினைக்கும்போது எனக்கு எங்க ஊர்ப் பழைய தலைமுறை படிச்ச பிரெஞ்சு ஞாபகம் வரும். 1739-ல் இருந்து 1954 வரைக்கும் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில இருந்த ஊர். பிரெஞ்சுக் கவிதையில அலெக்ஸாந்த்ரேன்னு ஒரு அடி உண்டு, 12 அசை. அங்கேயும் சொல்லோட கடைசியில மெல்லிசா ஒரு எகரம் மாதிரி உயிர் வரும். பாரிஸ்காரங்க பேச்சுல அதைப் பெரும்பாலும் விழுங்கிடுவாங்க. தெற்கே மார்செய் பக்கம் அதை நல்லாவே உச்சரிப்பாங்க. ஆனா கவிதைன்னு வந்தா ரெண்டு ஊருக்கும் ஒரே விதி. பின்னாடி மெய்யொலி வந்தா அந்த உயிரை எண்ணணும். உயிரொலி வந்தா விட்டுடணும். அடிக்கடைசியில எண்ண வேண்டாம். நம்ம உகரம் மாதிரியே!

எந்த ஊர்க்காரன் எப்படிப் பேசினாலும் பாட்டுக்குன்னு ஒரு பொது அளவு. அதை வச்சுத்தான் ஒரு ஊர்ப் பாட்டு இன்னொரு ஊர்ல உயிரோட இருக்கு. காரைக்கால்ல பிறந்து, பாண்டிய நாட்டுல கணவனைப் பார்த்து, தொண்டை நாட்டுல அடங்கின அம்மையோட பாட்டு இன்னைக்குக் கோயம்புத்தூர்லயும் யாழ்ப்பாணத்துலயும் அப்படியே ஒலிக்கக் காரணம் அதுதான்.

தலையால் நடந்த அம்மை

பேய் உருவம் எடுத்த அம்மை கயிலாயத்துக்குக் கிளம்பினாங்க. சிவபெருமான் இருக்கிற மலையைக் காலால மிதிக்கக் கூடாதுன்னு தலையாலயே நடந்தாங்க. எலும்புக்கூடு மாதிரி வர்ற இந்த உருவம் யாருன்னு உமையம்மை கேட்டாங்க. நம்மைப் பேணுகிற அம்மைன்னு சிவபெருமான் சொன்னார். தாயும் தகப்பனும் இல்லாத பரம்பொருள் ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணை அம்மான்னு கூப்பிட்டார். அம்மை அவரை அப்பான்னு கூப்பிட்டு விழுந்தாங்க.

என்ன வேணும்னு கேட்டார். குறையாத அன்பு கேட்டாங்க. இனிமே பிறவி வேண்டாம்னாங்க. பிறக்கத்தான் வேணும்னா உன்னை மறக்காம இருக்கணும்னாங்க. நீ ஆடும்போது உன் காலடியில இருக்கணும்னாங்க. திருவாலங்காட்டுக்குப் போகச் சொன்னார். அங்கேயும் தலையால நடந்தே போனாங்க. அங்கே பாடினவைதான் மூத்த திருப்பதிகங்கள் ரெண்டும். ஒண்ணு நட்டபாடைப் பண், இன்னொண்ணு இந்தளப் பண். அந்தாதி, மணிமாலை, பதிகம் எல்லாம் பதினோராம் திருமுறையில இருக்கு.

பின்னாடி வந்த திருஞானசம்பந்தர், அம்மை தலையால நடந்த ஊர்னு ஆலங்காட்டுல கால் வைக்கவே தயங்கினார்னு புராணம் சொல்லுது. சுந்தரர் அடியார் வரிசையில அம்மையைப் பேயார்னு பெயர் சொல்லி வணங்கினார். கோயில்ல 63 நாயன்மார் வரிசையைப் பாருங்க, மத்தவங்க நிப்பாங்க, அம்மை மட்டும் உட்கார்ந்திருப்பாங்க. திருத்தணி முருகனைப் பார்க்கப் போறவங்களுக்குத் திருவாலங்காடு பக்கம்தான். ரத்தின சபை. ஒரு நடை போயிட்டு வாங்க.

சிரிச்சவங்களுக்கு ஒரு வார்த்தை

இதை எல்லாம் எழுத வச்ச ஒரு விஷயத்தைச் சொல்லணும். நான் இருக்கிற ஒரு பாராயணக் குழுவில மீனவக் கிராமத்து அம்மா ஒருத்தர் கந்தர் அலங்காரம் சொல்லி வாய்ஸ் நோட் போடுவாங்க. அவங்க அம்மாகிட்ட காதால கேட்டுக் கேட்டுப் படிச்சவங்க. ழகரம் வராது, கொஞ்சம் இழுத்து இழுத்துச் சொல்வாங்க. ஒரு நாள் அதுக்குச் சிலர் சிரிப்புப் படம் போட்டாங்க. உச்சரிப்புப் பாடம் வேற எடுத்தாங்க. அந்த அம்மா அதுக்கப்புறம் எதுவும் போடலை.

நான் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு விரல் விட்டு எண்ணினேன். பேசும்போது வேலுன்னு சொல்ற அதே அம்மா, பாட்டுல வேல்னு அழகா நிறுத்தியிருந்தாங்க. சேர வேண்டிய இடத்துல சொல் சேர்ந்திருந்தது. கேட்ட அடியெல்லாம் 16, இல்லைன்னா 17. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கஷ்டப்படுற அவங்களுக்கு யாப்பு காதுல இருந்தது. பாடம் எடுத்தவங்க பதிவையும் கேட்டேன். ழகரம் சுத்தம். ஆனா பிரிச்சுப் போட்ட பாட்டைத் திரையில பார்த்துப் படிச்சதால பல அடியில எழுத்து கூடிப்போயிருந்தது.

இதைக் குழுவில எழுதினேன். சிரிப்புப் படம் போட்டவங்க எடுத்துட்டாங்க. அந்த அம்மாகிட்டயும் நேர்ல போய்ச் சொன்னேன். சிரிச்சாங்க, சரி தம்பின்னாங்க. இன்னும் அவங்க பதிவு வரலை. எனக்கு அது வலிக்குது. எல்லாரும் பயந்து ஓடின உருவத்தைப் பார்த்து ஆண்டவன் அம்மான்னு கூப்பிட்ட கதையைச் சொல்ற ஊர் இது. இந்த ஊர்ல ஒரு அம்மாவை வாய் சரியில்லைன்னு ஓட விடலாமா?

இனி பாராயணம் பண்றவங்களுக்கு

உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். முருகன்கிட்ட பேசுறதுக்கு எந்த ஊர்ப் பேச்சும் தடை இல்லை, மழலையே போதும். ஆனா அருணகிரியார் எண்ணி வச்ச பாட்டைச் சொல்லும்போது அந்த எண்ணிக்கையைக் காப்பாத்திக் கொடுக்கிறது நம்ம கடமை. அதுக்குச் சில எளிய வழிகள்:

1. மெய்யில முடியற சொல்லை அங்கேயே நிறுத்துங்க. வேல், மயில், தாள், பேய். பின்னாடி உகரமோ இகரமோ ஒட்ட விடாதீங்க.

2. பொருள் புரிஞ்சுக்கப் பிரிச்ச பாட்டைப் படிங்க. வாய்விட்டுச் சொல்றதுக்குச் சேர்த்து அச்சிட்ட மூலப்பாட்டை வச்சுக்கோங்க.

3. தினம் ஒரே ஒரு பாட்டு எடுத்துக்கோங்க. புள்ளி எழுத்தை விட்டு ஒவ்வொரு அடியையும் எண்ணுங்க. 16-ஆ 17-ஆன்னு முதல் அசையைப் பார்த்துச் சொல்லுங்க. ஒரு வாரத்துல காதே சொல்லிடும்.

4. வேகத்தைக் குறைங்க. முருகாவுல மூணு எழுத்து, மூணும் வாயில வரட்டும்.

5. ழகரம் வராதவங்க பழகுங்க, ஆனா அது வர்ற வரைக்கும் பாடாம இருக்காதீங்க. வராதவங்களைப் பார்த்து யாரும் சிரிக்காதீங்க.

6. வீட்டுல பாட்டி, பெரியம்மா யாராவது காதால கேட்டுப் படிச்ச பாட்டு வச்சிருந்தா உட்கார்ந்து கேளுங்க. அவங்க நிறுத்துற இடத்தைக் கவனிங்க. முடிஞ்சா பதிவு பண்ணி வைங்க.

அடுத்த ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்கால் வாங்க. மாம்பழம் ஒண்ணு கையில விழுந்தா எடுத்துக்கிட்டு, அம்மை சன்னதியில நின்னு கந்தர் அலங்காரத்துல ஒரு பாட்டு சொல்லுங்க. தன் அளவுல பேரப்பிள்ளை பாடுறதைக் கேட்டா எந்தப் பாட்டிக்குத்தான் சந்தோஷம் வராது?

படிச்சுட்டு உங்க குழுவுக்கும் அனுப்புங்க. உங்க ஊர்ல எந்தச் சொல் எழுத்துக் கூடுது, எது குறையுதுன்னு எனக்கும் எழுதுங்க.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!